பழக்கமில்லாத கேன்யன் நிலத்தில் மான் வேட்டை: தெற்கு யூட்டாவுக்கு முதல்முறை போகிறவர்களின் கேள்விகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் தெற்கே, எஸ்கலான்டே, போல்டர், கனாப் ஊர்களைச் சுற்றி விரிந்திருக்கும் கேன்யன் நிலத்தில், அதாவது செங்குத்துப் பாறைச் சுவர்களுள்ள ஆழ்பள்ளத்தாக்கு நிலத்தில், அக்டோபர் ரைஃபிள் பருவத்தில் மியூல் மான் எனப்படும் பெரிய காதுள்ள மானின் வேட்டைக்குப் போக நினைப்பவர்களுக்கான பக்கம் இது. பைனாகுலரும் பொறுமையும் இருந்தால் இங்கே மான் கண்ணில் பட்டுவிடும். அதை எட்டுவதும், அடித்த கறியை வண்டிவரை தூக்கி வருவதும்தான் பெரும்பாடு. ஆகவே கறி வண்டிக்கு வந்து சேரும் வழியை முதலில் முடிவுசெய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

எப்போது தொடங்க வேண்டும்?

குளிர்காலம் முடிவதற்குள். ரைஃபிள் பருவத்துக்கான ஆண் மான் பெர்மிட் குலுக்கலில் விழ வேண்டும். விண்ணப்பம் வழக்கமாக மார்ச் கடைசியில் திறந்து ஏப்ரல் கடைசியில் மூடும். மே முடிவதற்குள் முடிவு வரும். யூட்டாவின் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். 31 டிசம்பர் 1965-க்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். வேறு மாநிலத்தில் முடித்த சான்றிதழும் செல்லும்.

வெளிமாநிலத்தவருக்குப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பெர்மிட் கிடைக்கிறது. குலுக்கலில் விழாத ஆண்டுக்கு ஒரு புள்ளி சேரும்; பெரிய கொம்புக்குப் பேர்போன பான்சகன்ட் பகுதிக்கு ஆண்டுக்கணக்கில் அப்படிப் புள்ளி சேர்த்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். முதல்முறை போகிறவர் அந்தப் பேரில் மயங்க வேண்டாம். போல்டர்–கைபரோவிட்ஸ் போன்ற பொதுப் பருவப் பகுதிகளின் முந்தைய ஆண்டுக் குலுக்கல் முடிவுகளை மாநில வனவிலங்குத் துறை வெளியிடுகிறது. எத்தனை புள்ளிக்கு எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று அதில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

எச்-1பி அல்லது மாணவர் விசாவில் இருப்பவர் துப்பாக்கி தொடலாமா?

தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசின் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். அந்தக் காகிதம் காலாவதியான மறுநாளே விலக்கும் போய்விடும். யூட்டா லைசென்ஸ் 365 நாள் செல்லும். முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பரின் துப்பாக்கியை ஐந்து நிமிடம் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் வைத்திருப்பதாகவே எண்ணப்படலாம். இதில் சறுக்கினால் குடியேற்ற நிலையே கெடும். லைசென்ஸ் எடுப்பதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

எந்த நிலத்தில் வேட்டையாடலாம்?

பிஎல்எம் எனப்படும் மத்திய அரசு நிலத்திலும் தேசிய வனத்திலும் ஆடலாம். கிராண்ட் ஸ்டேர்கேஸ்–எஸ்கலான்டே தேசிய நினைவுச்சின்னம் எனப்படும் பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்பிலும், கிளென் கேன்யன் பொழுதுபோக்குப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட இடங்களிலும் ஆடலாம். பிரைஸ் கேன்யன், கேப்பிடல் ரீஃப், சயான் தேசியப் பூங்காக்களுக்குள் கூடவே கூடாது. நவஹோ நிலத்துக்கு அவர்களின் தனி அனுமதி வேண்டும். எல்லைக்கோடு பல இடங்களில் வேலி இல்லாமல் பாறைமேல் ஓடுகிறது. ஆன்எக்ஸ் போன்ற செயலியில் நில உரிமை வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கி வையுங்கள். உள்ளே சிக்னல் இருக்காது.

கனாப் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரிசோனாவில் கோடைகால நேர மாற்றம் இல்லை, அதனால் அக்டோபரில் அந்த மாநிலம் யூட்டாவுக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். எல்லையருகே கைபேசி அரிசோனா கோபுரத்தைப் பிடித்தால் கடிகாரம் தானாக மாறிவிடும். யூட்டாவில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்வரைதான் சுடலாம். ஒரு மணி நேரப் பிசகு அபராதத்தில் கொண்டுபோய் விடும். தானியங்கி நேரத்தை அணைத்து வையுங்கள், அல்லது சாதாரண கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

நிலத்தையே பார்த்ததில்லை. வரைபடத்தில் மானை எங்கே தேடுவது?

முதலில் உயரம். போல்டர் மலையின் உச்சி 3,300 மீட்டரைத் தாண்டுகிறது. கீழே பாலைவனப் பள்ளங்கள் 1,500 மீட்டரில் கிடக்கின்றன. கோடையில் மேலே மேயும் மான்கள் பனி விழுந்த பிறகு இறங்குகின்றன. அக்டோபர் மூன்றாம் வாரத்தில் பனி விழாமல் இருந்தால் பெரும்பாலானவை இன்னும் மேலே, ஓக் புதரும் ஆஸ்பென் மரமும் உள்ள விளிம்புகளில் இருக்கும். ஒரு நல்ல பனிப்பொழிவு வந்துவிட்டால் பின்யான்–ஜூனிபர் காட்டுக்கும் சேஜ் புதர்வெளிக்கும் வந்துவிடும். எனவே மேலே மூன்று இடம், நடுவில் மூன்று இடம் என்று குறித்து வைத்துக்கொண்டு, கிளம்பும் வாரத்தின் வானிலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது நிழல். இந்த அட்சரேகையில் அக்டோபர் 20 வாக்கில் நண்பகல் சூரியன் சுமார் 42 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. வடக்கு நோக்கிய செங்குத்துச் சரிவுகளில் பகல் முழுக்க நிழல் இருக்கும். வயது வந்த ஆண் மான் காலையில் மேய்ந்துவிட்டு, விளிம்புக்குச் சற்றுக் கீழே உள்ள அப்படிப்பட்ட நிழலில், முதுகைப் பாறைக்குக் கொடுத்துப் படுத்து அசைபோடும். கீழே வருவது கண்ணுக்குத் தெரியும், காற்று கீழே வடியும்வரை மேலே இருப்பது மூக்குக்கு வரும்.

அதற்கடுத்துத்தான் தீவனமும் தண்ணீரும். கிளிஃப்ரோஸ், பிட்டர்பிரஷ், மஹாகனி புதர் இருக்கும் படித்திட்டுகளைச் செயற்கைக்கோள் படத்தில் கரும்பச்சைப் புள்ளிகளாகப் பார்க்கலாம். படித்திட்டு என்பது இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே பால்கனிபோல் நீண்டிருக்கும் தட்டையான நிலம். நடமாட்டச் சாலையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, வடக்கு முகம், மேலே நிழல், கீழே புதர், எதிர்ச் சுவரில் நீங்கள் உட்கார்ந்து பார்க்க ஒரு முனை: இவை சேர்ந்து வரும் திட்டுகளைக் குறியுங்கள்.

டிரோன் எடுத்துப்போக வேண்டாம். ஜூலை 31 முதல் டிசம்பர் 31 வரை வேட்டைக்காகக் கண்காணிப்புக் கேமரா கட்டுவதையும் யூட்டா தடை செய்திருக்கிறது.

வரைபடத்தில் இறங்க வழி தெரிகிறது. நேரில் போனால் பாறைச் சுவர் நிற்கிறது. ஏன்?

சமஉயரக் கோடுகளை நம்பியதால். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் 1:24,000 வரைபடங்களில் கோட்டுக்குக் கோடு பல இடங்களில் 40 அடி, அதாவது 12 மீட்டர். இரண்டு கோடுகளுக்கு நடுவே 9 மீட்டர் செங்குத்துச் சுவர் இருந்தாலும் வரைபடம் அதை மென்மையான சரிவாகவே காட்டும். மூன்று ஆள் உயரச் சுவரே ஒரு மனிதனை நிறுத்தப் போதும். செயலிகளின் சரிவுக் கோண வண்ணங்களும் இதே குறை உள்ள தரவிலிருந்து வருபவை.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. ஒரே இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்களைக் காலை, மாலை வெயிலில் எடுத்தவையாகப் பாருங்கள். சரிவின் குறுக்கே மெல்லிய, முறியாத கறுப்பு நிழல்கோடு ஓடினால் அது சுவர். அந்தக் கோடு எங்கே உடைந்து சரளை வழிந்திருக்கிறதோ அங்கேதான் இறங்க வழி இருக்கலாம். மானும் அந்த உடைப்பு வழியாகத்தான் போய்வரும். வழி கண்டால் தடமும் கண்டதுபோல.

நேரில் போனபின் விதி ஒன்றுதான்: ஏறி வர முடியாத இடத்தில் இறங்காதீர்கள். குதித்து இறங்கிய இரண்டு மீட்டர் படியை முப்பது கிலோ சுமையுடன் திரும்ப ஏற முடியாது. வறண்ட ஓடைவழியே இறங்கும்போது இந்தத் தவறு அதிகம். மணல் ஓடை சுகமான பாதைபோல் கூட்டிப்போய், தண்ணீர் விழும் செங்குத்தின் தலையில் நிறுத்திவிடும். கிளைப்பள்ளங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், இறங்கிய உடைப்பை ஜிபிஎஸ்ஸில் குறிப்பதோடு கீழிருந்து திரும்பிப் பார்த்து ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம்?

தூக்கிக் கணக்குப் போடுங்கள். வளர்ந்த ஆண் மியூல் மானில் எலும்பு நீக்கிய கறி 25 முதல் 35 கிலோ தேறும். தலையும் கொம்பும் தனி. உங்கள் துப்பாக்கி, தண்ணீர், துணிமணி இன்னொரு 12 கிலோ. தனியாள் என்றால் இரண்டு நடை.

மலைநடைக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். 3 கிலோமீட்டர் தூரமும் 300 மீட்டர் ஏற்றமும் என்றால் பாதையில் சுமார் 1 மணி 6 நிமிடம் வரும். பாதையில்லாத பாறையில், சுமையோடு, இதை இரண்டரை மடங்காக்குங்கள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். முதல் சுமை மூன்று, வெறுங்கையோடு இறங்க ஒன்றரை, இரண்டாம் சுமை மூன்று. ஏழரை மணி நேரம், அதற்குமுன் வெட்டிப் பிரிக்க இரண்டு மணி நேரம். மாலை நான்கு மணிக்குச் சுட்டால் எப்போது முடியும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முதல்முறை போகிற இருவருக்கு 3 கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் இறக்கம் என்பது நல்ல எல்லை. வண்டி நிற்கும் இடத்திலிருந்து மேல்நோக்கி வேட்டையாட முடிந்தால் இன்னும் நல்லது. சுமை இறக்கத்தில் வரும்.

தண்ணீர் எவ்வளவு? வழியில் கிடைக்குமா?

ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், கறி சுமக்கும் நாளில் 6. நான்கு நாளுக்கு இருவருக்கு, சமையலும் கைகழுவலும் சேர்த்து, வண்டியில் 50 லிட்டராவது இருக்கட்டும். வரைபடத்தில் நீலப் புள்ளியாகத் தெரியும் ஊற்று அக்டோபரில் ஈரச் சேறாகவோ மாட்டுக் குட்டையாகவோ இருக்கலாம். பாறைக் குழியில் தேங்கிய மழைநீரைக் கண்டால் வடிகட்டிக் குடிக்கலாம், ஆனால் அதைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

எஸ்கலான்டே, பரியா ஆறுகளின் தண்ணீர் வண்டல் கலந்து வரும்போது பம்பு வடிகட்டியைச் சில நிமிடத்தில் அடைத்துவிடும். வாளியில் எடுத்து, 4 லிட்டருக்குக் கால் டீஸ்பூன் படிகாரப் பொடி போட்டுக் கலக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். கொலராடோ ஆற்றில் படகு ஓட்டுபவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். நம் ஊரில் தேற்றாங்கொட்டை உரைத்த பானைக்கும் இதே வேலை. படிகாரம் தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிந்த நீரை அப்புறம் வடிகட்டுங்கள் அல்லது கொதிக்க வையுங்கள்.

தனித்திருக்கும் நீர்நிலைக்குக் கால் மைலுக்குள் கூடாரம் போடாதீர்கள். அரிசோனாவில் இது சட்டம். யூட்டாவிலும் அங்கே தங்கினால் இரவில் எந்த விலங்கும் தண்ணீருக்கு வராது.

காற்றை எப்படிக் கணிப்பது?

கேன்யனில் வானிலைச் செய்தியின் காற்று பாதிக்குத்தான் பொருந்தும். மீதி, வெயில் உண்டாக்கும் காற்று. இரவில் குளிர்ந்த காற்று கனத்து ஓடைவழியே கீழே வடியும். விடிந்தபின்னும் வெயில் படும்வரை அதே போக்கு. சுவரில் வெயில் விழுந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் காற்று திரும்பி மேலேறும். மாலையில் நிழல் விழுந்தால் மறுபடி இறங்கும்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் இரண்டு. ஒன்று, திரும்பும் நேரம்: அந்த இருபது முப்பது நிமிடம் காற்று சுழலும், அப்போது நெருங்கவே கூடாது, உட்கார்ந்திருங்கள். இன்னொன்று, ஒரே பள்ளத்தின் இரண்டு சுவர்களும் ஒரே நேரத்தில் நடந்துகொள்வதில்லை. வெயில் சுவரில் காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது நிழல் சுவரில் இன்னும் வடிந்துகொண்டிருக்கும். மான் நிழல் சுவரில் படுத்திருக்கிறது, நீங்கள் நிற்பதோ வெயில் சுவரில். உங்கள் கன்னத்தில் படும் காற்றை வைத்து அதன் மூக்கைக் கணிக்க முடியாது. சிறு டப்பாவில் டால்கம் பவுடர் வைத்துக்கொண்டு நூறடிக்கு ஒருமுறை ஊதிப் பாருங்கள். காலை ஒன்பதரைக்கு மேல் என்றால் மேலிருந்து இறங்கி நெருங்குவதுதான் பெரும்பாலும் சரிவரும்.

பைனாகுலர் எப்படிப்பட்டது வேண்டும்?

10×42, டிரைபாடில் மாட்டியது. கையில் பிடித்த 15 மடங்கைவிட டிரைபாடில் நின்ற 10 மடங்கு அதிகம் காட்டும். முதல் வெளிச்சத்துக்கு அரை மணி முன்பே முனையில் உட்கார்ந்துவிடுங்கள், வானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். சரிவைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அசையாமல் பத்து விநாடி பாருங்கள். முழு மானைத் தேடினால் கிடைக்காது. காது, கொம்பு நுனி, வெள்ளைப் பின்புறம், செங்குத்துத் தண்டுகளுக்கு நடுவே கிடையாக ஓடும் முதுகுக் கோடு என்று துண்டு துண்டாகத் தேடுங்கள்.

பகல் பதினொன்று முதல் இரண்டு வரை முகாமுக்குப் போய்விடுகிறவர்கள் நல்ல நேரத்தை விடுகிறார்கள். நிழல் நகரும்போது படுத்த மான் எழுந்து நாலடி தள்ளிப் படுக்கும். அந்த ஒரு நிமிடம்தான் அது தெரியும்.

மேலிருந்து கீழே சுடும்போது குறி ஏன் தவறுகிறது?

தோட்டாவின் வீழ்ச்சியைத் தீர்மானிப்பது கிடைத்தூரம். சாய்வாக அளந்த தூரத்தை வைத்துச் சுட்டால் மேலே போகும். 400 கெஜம், 30 பாகைச் சாய்வு என்றால் கிடைத்தூரம் 346 கெஜம்தான். பாயின்ட் 308 ரைஃபிளில் இந்த வேறுபாடு சுமார் 20 செ.மீ.; மானின் முதுகைத் தாண்டிவிடும். மேல்நோக்கிச் சுட்டாலும் இதே திசையில்தான் தவறும். கோணத்தைக் கழித்துக் காட்டும் ரேஞ்ச்ஃபைண்டர் எனப்படும் தூரமளக்கும் கருவி வாங்குங்கள், அந்த வசதி இயங்குகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். 45 பாகையில் தூரத்தை 0.7-ஆல் பெருக்கினால் போதும்.

தோட்டா சாய்வாக நுழைவதையும் நினைவில் வையுங்கள். கீழே சுடும்போது உள்ளே புகும் இடம் சற்று உயரமாக இருந்தால்தான் பாதை நெஞ்சின் நடுவே போகும். சுடுவதற்கு முன் இன்னொரு கேள்வி: விழுந்தால் எங்கே விழும்? சுவர் ஓரத்தில் நிற்கும் மான் ஐம்பது மீட்டர் கீழே உருண்டால் கறியும் போச்சு, கொம்பும் போச்சு. அது நகரும்வரை காத்திருங்கள்.

அடித்த பிறகு?

மாநில வேட்டை விதிக் கையேடு சொல்கிறபடி, மானை நகர்த்துவதற்கு முன்பே பெர்மிட்டின் அடையாளச் சீட்டான டேக்கில் தேதியையும் பாலினத்தையும் வெட்டிக் குறித்துக் கட்டுங்கள். பொதுப் பருவத்தில் ஆண் மான் என்றால் 5 அங்குலத்துக்கு மேல் கொம்பு உள்ளது. பாலினச் சான்று எந்தப் பகுதியோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பதையும் கையேட்டில் படித்துவிட்டுப் போங்கள்.

குடலை எடுக்காமலே பிரிப்பது இங்கே வசதி. பக்கவாட்டில் கிடத்தி, முதுகெலும்பை ஒட்டித் தோலைக் கீறி உரித்து, முன்சப்பை, முதுகுக்கறி, பின்தொடை, கழுத்துக்கறி என்று எடுத்துவிட்டுத் திருப்பிப் போடுங்கள். உள்தசையைக் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் சிறிதாகத் திறந்து எடுக்கலாம். பகலில் 20 பாகை செல்சியஸ் வெயில் சாதாரணம். இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். கெட்டுப்போவது பின்தொடை எலும்பைச் சுற்றித்தான் தொடங்கும், ஏனென்றால் சூடு அங்கேதான் அதிக நேரம் நிற்கும். உடனே எலும்பை எடுத்துத் துணிப் பையில் போட்டு வடக்குப் பாறை நிழலில், காற்றுப்படும்படி தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் சூடும் ஈரமும் உள்ளேயே நின்று சீக்கிரமே கெடத் தொடங்கும். வண்டியில் 2 லிட்டர் உறைநீர்ப் புட்டிகளோடு கூலர் வைத்திருங்கள். உருகியதும் குடிக்கலாம், கறியும் நனையாது.

மழை வந்தால்?

அன்று வண்டியை எடுக்காதீர்கள். காட்டன்வுட் கேன்யன், ஸ்மோக்கி மவுண்டன் சாலைகளில் களிமண் பகுதிகள் உண்டு. டிராபிக் ஷேல் எனப்படும் சாம்பல் நிற மண்ணில் பென்டோனைட் இருக்கிறது. நனைந்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு நாலு சக்கர வண்டியையும் படுக்கவைக்கும். வெயில் வந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் காயும். அதற்காகவே இரண்டு நாள் கூடுதல் உணவும் 20 லிட்டர் பெட்ரோலும், இரண்டு ஸ்டெப்னியும், மண்வெட்டியும், காற்றடிக்கும் கம்ப்ரஸரும் வேண்டும். ஓடைப் படுகையில் கூடாரம் போடவே கூடாது. தலைக்கு மேல் நீலவானம் இருக்கும்போதே முப்பது கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழை காட்டாறாக வரும். செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி ஒன்று ஆளோடு இருக்கட்டும், வண்டியில் வேண்டாம்.

என்ன நிறத்தில் உடுத்துவது?

தலை, நெஞ்சு, முதுகு சேர்த்துக் குறைந்தது 400 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு. தொப்பியும் கையில்லா மேல்சட்டையும் போட்டால் கணக்கு சரியாகிவிடும்.

கறுப்பாகப் பொறிந்த மண்மேல் நடக்கலாமா?

வேண்டாம். அது உயிருள்ள மண்தோல். ஒரு காலடி ஆறப் பல ஆண்டாகும். பாறைமேலும் மணல் ஓடையிலும் நடங்கள். சுவரோரம் பழங்குடியினரின் பழைய தானியக் குதிர்களையோ பானை ஓடுகளையோ பார்த்தால் தொடாமல் போங்கள். எடுப்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றம்.

ஈயத் தோட்டா பயன்படுத்தலாமா?

யூட்டாவில் தடை இல்லை. ஆனால் 1996 முதல் அரிசோனாவின் வெர்மிலியன் கிளிஃப்ஸில் விடப்பட்ட கலிஃபோர்னியா காண்டர் கழுகுகள் சயான் பக்கம்வரை பறந்து, வேட்டையாடிகள் விட்டுப்போன குடலைத் தின்கின்றன. ஈயத் துகளால் அவை சாகின்றன. செம்புத் தோட்டாவுக்கு மாறுங்கள். மாறுவதென்றால் கோடையிலேயே மாறி, அதே தோட்டாவால் ரைஃபிளைக் குறிக்குச் சரிசெய்யுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் படாது.

கறியையும் கொம்பையும் வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகலாமா?

மான்களைத் தாக்கும் நாள்பட்ட நலிவு நோய் யூட்டாவின் சில பகுதிகளில் இருக்கிறது. அதனால் மூளையும் முதுகெலும்பும் உள்ளே வருவதைப் பல மாநிலங்கள் தடுக்கின்றன. எலும்பு நீக்கிய கறியும், மூளைத் திசு துளியும் இல்லாமல் சுத்தம் செய்த மண்டை ஓட்டுத் துண்டோடு கூடிய கொம்பும் பொதுவாகச் செல்லும். திரும்பும் வழியிலுள்ள ஒவ்வொரு மாநிலத்தின் விதியையும் பாருங்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள், முதுகெலும்பை ரம்பத்தால் அறுக்காதீர்கள். சோதனைக்குத் தொண்டைப் பின்புறத்து நிணநீர்க் கணுக்கள் தேவை; தலையை எறிவதற்கு முன் வனவிலங்குத் துறையின் சோதனை மையம் எங்கே திறந்திருக்கிறது என்று கேளுங்கள். முடிவு வரும்வரை அந்த மானின் கறியைத் தனியாகப் பெயரெழுதி உறையவையுங்கள். நோய் இருப்பதாக வந்தால் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை.